ஜூன் 5: ஒரு சத்தியப்பிரமாணத்தின் வரலாறு



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, மன்னாரிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஓர் அம்மா என்னை மறித்தார். குடியுரிமை வழங்கும் வைபவத்துக்கு அவருக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. முகத்தில் மகிழ்ச்சியோடு ஒரு கலக்கமும் இருந்தது. "சுவாமி, சத்தியம் செய்யேக்க பைபிள் கொண்டுபோக வேணுமோ? கொண்டுபோகாட்டில் அது செல்லாதோ?" என்று கேட்டார். கொண்டுபோகலாம், கொண்டுபோகாமலும் விடலாம், இரண்டும் செல்லும் என்று சொல்லி அனுப்பினேன்.

அரை நிமிடத்தில் சொல்லி முடித்த மறுமொழி அது. வீடு திரும்பிய பின்புதான், அந்த மறுமொழியை நான் அவ்வளவு இலகுவாகச் சொல்லக் கூடியதாக இருப்பதற்கு இந்த மாகாணத்தில் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவர்களுட் பெரும்பாலோர் யூதர். அவர்களைக் காக்க வைத்தவர்களுட் பெரும்பாலோர், சொல்லத்தான் வேண்டும், நம்மைப் போன்ற கத்தோலிக்கர்.

ஜூன் 5 என்ற திகதி நம்மிற் பலருக்கு வேறு காரணங்களால் மனத்தில் பதிந்தது. 1974 ஆம் ஆண்டு அதே நாளில் உரும்பிராயைச் சேர்ந்த மாணவன் பொன். சிவகுமாரன் மாண்டதை என் வயதினர் மறந்திரார். 1956 ஆம் ஆண்டு அதே நாளிற் கொழும்பில் நடந்ததைப் பின்னர் சொல்கிறேன். ஆனால் அதற்கும் நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே கியூபெக் மண்ணில், ஒரு சிறிய இனத்தின் வரலாற்றில் அந்த நாள் இடம்பிடித்துவிட்டது. அங்கிருந்து தொடங்குவோம்.

பிரெஞ்சுக்காரர் இந்நாட்டை ஆண்ட காலத்தில் யூதருக்கு இங்கே கால் வைக்கவே அனுமதி இருக்கவில்லை. 1627 இல் கர்தினால் றிஷெலியூ அமைத்த வணிகக் கழகத்தின் சாசனப்படி புதிய பிரான்சிற் குடியேறுபவர் கத்தோலிக்கராக இருத்தல் வேண்டும். அந்தத் தடையை மீறி வந்தவர் என்று பதிவேடுகள் காட்டும் முதல் யூதர் ஓர் இளம்பெண். பெயர் எஸ்தர் பிரந்தோ. 1738 இல், ஏறக்குறைய இருபது வயதில், ஆணுடை தரித்து, ஜாக் லாஃபார்க் என்ற பெயரில் கப்பலேறி கியூபெக் நகரை வந்தடைந்தாள். வந்த சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. அதிகாரிகள் அவளைக் கன்னியரின் பொறுப்பிலிருந்த மருத்துவமனையில் வைத்து மனந்திருப்ப முயன்றார்கள். ஓராண்டு முயன்றும் அவள் இசையவில்லை. 1739 இல் அரச செலவிலேயே பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். அதன் பிறகு அவளுக்கு என்ன நேர்ந்தது என்று பதிவேடுகள் பேசுவதில்லை.

இந்தக் கதையை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு நம் புனித யோசேப் வாஸ் அடிகளார் நினைவுக்கு வந்தார். 1687 இல் அவரும் மாறுவேடத்திலேதான் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கு மரண தண்டனை. சில்லாலை மக்கள் அந்த ஆபத்தை அறிந்தே அவருக்கு இடம் கொடுத்தார்கள். அக்காலத்தில் நம் முன்னோருக்கு அரச உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பலர் பகலில் ஒல்லாந்தரின் பெயர்ப் பதிவிலும் இரவில் செபமாலையிலும் வாழ்ந்தார்கள். ஆங்கில ஆளுநர் மெயிற்லண்ட் 1806 இல் அந்தத் தடைகளை நீக்கும் வரை சட்டத்தின் கண்ணில் நம் முன்னோர் அரைக் குடிகளே. ஆகவே, எஸ்தரின் கதை நமக்குப் புறத்தியாருடைய கதை அன்று.

1760 இல் ஆங்கிலேயர் இந்நாட்டைக் கைப்பற்றியபோது அவர்களுடைய படைக்கு உணவும் பொருளும் வழங்கும் வணிகர்களாகச் சில யூதர் கூடவே வந்தனர். அவர்களுள் ஒருவர் ஆரோன் ஹார்ட். மொன்றியலுக்கும் கியூபெக் நகருக்கும் நடுவே உள்ள துறுவா-றிவியேர் ஊரிற் குடியேறி, உரோம வாணிபத்தாற் செழித்தார். 1768 இல் மொன்றியலில் ஷெயரித் இஸ்ராயேல் என்னும் செபக்கூடச் சபை தொடங்கப்பட்டது. கனடாவின் முதல் யூதச் சபை அது. ஸ்பானிய, போர்த்துக்கீச முறைப்படி வழிபடும் சபை. அதாவது, 1492 இல் ஸ்பானியாவிலிருந்தும் சில ஆண்டுகளுக்குள் போர்த்துக்கலிலிருந்தும் துரத்தப்பட்டவர்களின் வழிபாட்டு மரபு. நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொண்டுவந்த அதே போர்த்துக்கல். நாம் "சவேரியார்" என்று பக்தியோடு பெயர் சூட்டிக்கொள்ளும் புனிதரே, கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546 இல் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதியவர். குருமடத்தில் இதைப் படித்த நாளில் எனக்குக் கசந்தது. இன்றும் கசக்கிறது. புனிதர்களும் தம் காலத்தின் மனிதரே என்று அன்று ஆசிரியர் சொன்ன சமாதானம் உண்மைதான். அது கசப்பைக் குறைக்கவில்லை.

ஆரோன் ஹார்ட்டின் மகன்களுள் ஒருவர் எசேக்கியேல். 1770 இல் துறுவா-றிவியேரிலேயே பிறந்தவர். 1807 ஏப்ரலில் அவ்வூருக்கு இடைத்தேர்தல் வந்தது. அக்காலத்தில் வாக்களிப்பு இரகசியமானது அன்று. யாருக்கு வாக்கு என்பதை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளிக்கப்பட்ட 116 வாக்குகளில் 59 எசேக்கியேலுக்கு விழுந்தன. அந்த ஊரார் பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். தம் பங்குக் குருவும் அயலாரும் பார்த்திருக்க, ஒரு யூதனின் பெயரை உரத்துச் சொன்ன அந்த மனிதர்களின் துணிவை நம் கத்தோலிக்க வரலாற்று நூல்கள் கொண்டாடியதாக எனக்கு நினைவில்லை.

முடிவு அறிவிக்கப்பட்ட ஏப்ரல் 11 சனிக்கிழமை. அவருக்கு அது ஓய்வுநாள். உடனே உறுதிமொழி எடுக்கும்படி கேட்கப்பட்டபோது, அந்நாளில் அதைச் செய்ய அவர் தயங்கினார். கையொப்பமிடும் இடத்தில் "ஆண்டவருடைய ஆண்டில்" என்னும் வழக்கமான சொற்றொடரை விட்டுவிட்டு, வெறுமனே 1807 என்று எழுதினார். பிற்பாடு நடக்கப் போவதற்கு அது ஒரு முன்னறிகுறி.

1808 ஜனவரி இறுதியில் கியூபெக் நகரிற் சட்டசபை கூடியது. உறுப்பினர் எடுக்க வேண்டிய சத்தியப்பிரமாணத்தில் "கிறிஸ்தவனின் உண்மையான விசுவாசத்தின்மேல்" என்ற சொற்கள் இருந்தன. எசேக்கியேல் தம் மரபுப்படி தலையை மூடி, எபிரேய வேதாகமத்தின்மேற் கைவைத்து, கிறிஸ்தவன் என்ற இடத்தில் யூதன் என்று சொல்லிச் சத்தியம் செய்தார். சபை குழம்பியது. மூன்று வாரங்கள் விவாதித்து, பெப்ரவரி 20 அன்று, யூத சமயத்தைச் சார்ந்த ஒருவர் இச்சபையில் அமரவோ வாக்களிக்கவோ முடியாது என்று தீர்மானித்தது. ஆதரவாக 21 பேர், எதிராக 5 பேர்.

துறுவா-றிவியேர் மக்கள் அதே ஆண்டு அவரை மீண்டும் தெரிந்தெடுத்தனுப்பினர். இம்முறை அவர் ஒரு படி இறங்கிவந்தார். மற்றவர்களைப் போலவே, கிறிஸ்தவ முறைப்படியே சத்தியம் செய்தார். அப்போது சபை, "யூதனாகிய நீ புதிய ஏற்பாட்டின்மேற் செய்த சத்தியம் உன்னைக் கட்டுப்படுத்தாது" என்ற வாதத்தை எடுத்தது. 1809 இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்.

தன் முறைப்படி சத்தியம் செய்தால் நீ கிறிஸ்தவன் அல்லன், எங்கள் முறைப்படி சத்தியம் செய்தால் நீ பொய்யன் என்பதுதான் அந்த வாதத்தின் சாரம். இத்தகைய பொறியை நாம் அறியாதவர்கள் அல்லோம். 1983 ஆகஸ்ட் மாதம், நம் வீடுகளிலிருந்து எழுந்த புகை அடங்குமுன்னரே, இலங்கைப் பாராளுமன்றம் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அது. அமிர்தலிங்கம் முதலான தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதை எடுக்க மறுத்தார்கள். மக்கள் கொடுத்த ஆசனங்கள் பறிபோயின. உறுப்பினர் மட்டுமா? அரச ஊழியரும் வழக்கறிஞரும் அதே சத்தியத்தின் கீழ் வந்தார்கள். அந்தத் தாளிற் கையொப்பமிட்ட எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் இன்று நம் பங்கிலும் இருக்கிறார்கள். குடும்பத்தைக் காக்கக் கையொப்பமிட்டவரை நான் குறைகூறேன். ஆனால் சத்தியம் என்பது கடவுளைச் சாட்சிக்கு அழைப்பது என்று மறைக்கல்வியிற் படித்தோமே. ஒருவனை வெளியே தள்ளுவதற்கென்றே எழுதப்பட்ட சத்தியத்தில் எந்தக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்?

ஹார்ட்டின் விடயத்துக்கு வருகிறேன். சபையில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் பிரெஞ்சு மொழிபேசும் கத்தோலிக்கர். அவர்கள் வெறும் மதவெறியால் மட்டும் இதைச் செய்தார்கள் என்று சொல்வது நீதியாகாது. ஹார்ட் ஆங்கில வணிகர் பக்கம் சாய்ந்து வாக்களிப்பார் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆங்கில ஆளுநரோடு அவர்கள் அப்போது கடும் போராட்டத்தில் இருந்தார்கள். ஆட்சியாளருக்கு ஓர் ஆசனம் குறைந்தால் நல்லது என்பது அரசியற் கணக்கு. சமயம் அதற்குக் கைக்கெட்டிய கருவி.

என்னை உறுத்துவது அதற்கு முந்திய வரலாறு. ஆங்கிலப் பேரரசு எங்கும் கத்தோலிக்கர் அரச பதவி வகிக்கத் தடை இருந்த காலத்தில், 1774 இன் கியூபெக் சட்டம் இம்மாகாணத்துக் கத்தோலிக்கருக்கென்று அவர்கள் மனச்சாட்சி உறுத்தாத வேறொரு சத்தியப்பிரமாணத்தை எழுதிக் கொடுத்தது. இங்கிலாந்தின் கத்தோலிக்கர் அதே சலுகையைப் பெற 1829 வரை காத்திருந்தனர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் முன்னதாகவே, "உன் விசுவாசத்துக்கு விரோதமான வார்த்தையை நீ சொல்ல வேண்டாம்" என்று சலுகை பெற்றவர்களின் பிள்ளைகள், ஒரே தலைமுறைக்குள், இன்னொருவனுக்கு அதே சலுகையை மறுத்தார்கள். கடன் மன்னிக்கப்பட்ட ஊழியன் தன் உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்த உவமையை நீங்கள் அறிவீர்கள்.

எசேக்கியேல் வாணிபத்துக்குத் திரும்பினார். அடுத்த தலைமுறை விடவில்லை. அவருடைய மகன் சாமுவேலுக்கு நீதவான் பதவி வந்தபோது, அதே சத்தியம் குறுக்கே நின்றது. 1831 இல் அவர் சட்டசபைக்கு மனுச் செய்தார். இப்போது சபையின் தலைவர் லூயி-ஜோசெப் பப்பினோ, பிரெஞ்சுக் கனடியரின் பெருந்தலைவர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹார்ட்டைத் துரத்திய அதே சபை, யூத சமயத்தவர் இம்மாகாணத்தில் மன்னரின் ஏனைய குடிகளுக்குள்ள எல்லா உரிமைகளுக்கும் உரியவர் என்று பிரகடனம் செய்யும் சட்டமூலத்தை ஏற்றது. மன்னரின் இசைவுக்காகக் கடல் கடந்து சென்று திரும்பிய அந்தச் சட்டம், 1832 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது கீழ்க் கனடாவில் இருந்த யூதர் நூறுக்கு மேற்பட்ட சிலரே. நூறு பேருக்காக ஒரு சட்டம்.

பிரித்தானியப் பேரரசிலேயே இதுதான் முதலாவது என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். யமேக்கா சற்று முந்திக்கொண்டது. ஆனால் இலண்டன் பாராளுமன்றத்தில் ஒரு யூதர் தன் முறைப்படி சத்தியம் செய்து அமர 1858 வரை செல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், இம்மாகாணம் தாய்நாட்டை இருபத்தாறு ஆண்டுகள் முந்தியது. கியூபெக்கைக் குறைகூறுவதில் வல்லவர்களாகிய நாம் (மொழிச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு வரும் வேகத்தைச் சொல்கிறேன்) இதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நம்மவர் யாரும் அந்த நாளை வெற்றி முழக்கத்தோடு கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதே ஜூன் மாதம் கப்பல்களில் வந்த ஐரிஷ் ஏழைகளோடு வாந்திபேதி கியூபெக்கையும் மொன்றியலையும் அடைந்தது. ஊர் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு சட்டத்தை யார் கவனித்திருப்பார்? அடுத்த ஆண்டே மொன்றியலில் பெஞ்சமின் ஹார்ட், மோசஸ் ஹேய்ஸ் என்னும் இரு யூதர் நீதவான் பதவியை ஏற்கத் தயங்கினர். உரிமை கொடுத்த சட்டம், பழைய சத்தியத்தின் வார்த்தைகளை வெளிப்படையாக நீக்கியதா என்ற ஐயம் அவர்களுக்கு. பின்னர் அது தீர்ந்தது. ஹேய்ஸ் பிற்காலத்தில் மொன்றியல் நகரின் காவற்றுறைத் தலைவராகவும் ஆனார். எசேக்கியேல் ஹார்ட் 1843 இல் காலமானார். உரிமை கிடைத்ததைக் கண்ணாற் கண்டார், ஆனால் அந்த ஆசனத்தில் மறுபடி அமரவில்லை.

இனி 1956 ஜூன் 5. அன்று காலை கொழும்பில் பண்டாரநாயக்கவின் அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் முன்வைத்தது. வெளியே காலிமுகத்திடலில், தமிழரசுக் கட்சியினர் தந்தை செல்வாவின் தலைமையிற் புல்தரையில் அமைதியாக அமர்ந்தார்கள். காடையர் அவர்களைச் சூழ்ந்து அடித்தார்கள், காவற்றுறை பார்த்து நின்றது. அமிர்தலிங்கம் தலையிற் காயத்தோடு சபைக்குள் சென்றார். வன்முறை கொழும்பிலிருந்து கல்லோயா வரை பரவிப் பல உயிர்களைக் குடித்தது. சட்டமூலம் ஜூலை 7 அன்று சட்டமாயிற்று. ஒரு மொழியானால் இரண்டு நாடுகள் என்று அந்த விவாதத்தில் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வா ஒரு சிங்களவர். ஹார்ட்டுக்காக வாக்களித்த அந்த ஐவரைப் போல, இவரையும் நாம் மறக்கலாகாது.

தந்தை செல்வாவைப் பற்றி இன்னுமொன்று. அவர் கிறிஸ்தவர். 1952 இல் காங்கேசன்துறையில் அவரது சமயமும் அவருக்கெதிராகப் பேசப்பட்டது, அவர் தோற்றார். 1956 இல் அதே தொகுதியின் இந்து வாக்காளரே அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். துறுவா-றிவியேர் மக்களையும் காங்கேசன்துறை மக்களையும் நான் அடிக்கடி ஒன்றாக வைத்து நினைப்பதுண்டு. இரண்டு இடத்திலும் சாதாரண மக்கள் தங்கள் தலைவர்களைவிடப் பெருந்தன்மையோடு நடந்தார்கள்.

ஒரு நாளில் ஓர் இனத்துக்குக் கதவு திறந்தது, அதே திகதியில் இன்னோர் இனத்துக்குக் கதவு மூடியது. நாட்காட்டியின் தற்செயலுக்கு இறைவனின் திட்டம் என்று பெயர் சூட்டும் வழக்கம் எனக்கில்லை. தற்செயல் தற்செயல்தான்.

திறந்த கதவும் முழுமையாகத் திறக்கவில்லை. இம்மாகாணத்தில் பாடசாலைகள் கத்தோலிக்கம், புரொட்டஸ்தாந்து என்று இரண்டே வகை. யூதப் பிள்ளை எங்கே போவது? 1903 இல் ஒரு சட்டம் வந்தது: கல்விக்காக யூதர் புரொட்டஸ்தாந்தராகக் கருதப்படுவர். சிரிக்க வேண்டாம், அப்படித்தான் எழுதினார்கள். 1913 இல் அபர்டீன் பாடசாலையில் ஆசிரியை ஒருவர் யூதப் பிள்ளைகளை இழிவாகப் பேசினார் என்று, பதினொரு பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1934 ஜூன் நடுப்பகுதியில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது, நாம் நோய்வாய்ப்பட்டாற் போகும் மருத்துவமனைகளைப் பற்றியது. சாமுவேல் றபினோவிச் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று முதன்மையாகத் தேறியவர். கத்தோலிக்க மருத்துவமனையான நோத்ர்-தாமில் பயிற்சி மருத்துவராக நியமனம் பெற்றார். ஒரு யூதனோடு பணிசெய்ய மாட்டோம் என்று சக பயிற்சி மருத்துவர்கள் அனைவரும் வேலையைவிட்டு வெளியேறினார்கள். ஏனைய கத்தோலிக்க மருத்துவமனைகளிலும் பயிற்சி மருத்துவர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். நான்கு நாட்கள். நோயாளிகள் வருந்தலாகாது என்று றபினோவிச் தாமே பதவியைத் துறந்தார். அந்த நான்கு நாட்களில் ஞாயிறும் ஒன்று. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அன்று காலை திருப்பலிக்குப் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டுதான் கோத்-சான்-கத்தரீன் வீதியில் யூதப் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. எல்லா இனத்தாரையும் ஏற்கும் மருத்துவமனையாக அது வளர்ந்தது. நம் பங்கின் எத்தனை குழந்தைகள் அங்கே பிறந்திருக்கின்றன! ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பெயரைக் காண்கிறேன்.

1939 ஜூன் 5. அன்று சென் லூயிஸ் என்னும் கப்பல், ஜேர்மனியிலிருந்து தப்பிய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூதரோடு, கியூபாவுக்கும் புளோறிடாவுக்கும் இடைப்பட்ட கடலில் துறைமுகமின்றி அலைந்துகொண்டிருந்தது. கியூபா மறுத்தது, அமெரிக்கா மறுத்தது. மறுநாள் கப்பல் ஐரோப்பாவை நோக்கித் திரும்பியது. அவர்களை ஏற்கும்படி கனடாவிற் சில நல்ல மனிதர் பிரதமர் மக்கன்சி கிங்குக்கு மனுச் செய்தனர், பயனில்லை. திரும்பிய பயணிகளுள் 254 பேர் நாசிகளின் கொடுமையில் மாண்டார்கள். 1933 முதல் 1945 வரை கனடா ஏற்றுக்கொண்ட யூத அகதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மட்டுமே. 2018 நவம்பரில் பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ பாராளுமன்றத்தில் இதற்கு மன்னிப்புக் கேட்டார்.

கப்பலில் வந்தவர்களை இந்நாடு எப்போதும் திருப்பியதில்லை என்பதற்கும் நாமே சாட்சி. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் மூடுபனிக்குள் அவர்களைக் கண்டு ஏற்றினார். நேரே இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலிற் சொன்னது உண்மையன்று, ஜேர்மனியிலிருந்தே வந்தார்கள் என்பது பின்பு தெரிந்தது. நாட்டிற் பெரும் கூச்சல் எழுந்தது. ஆனாலும் அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். சிலர் நேரே மொன்றியலுக்கே வந்து சேர்ந்தார்கள். சென் லூயிஸ் கப்பலின் வெட்கம் இந்நாட்டின் மனச்சாட்சியில் இல்லாதிருந்தால் அந்த 155 பேருக்குக் கதவு அவ்வளவு எளிதாகத் திறந்திருக்குமா என்று நான் ஐயுறுகிறேன். இதற்கு என்னிடம் சான்று இல்லை, என் எண்ணம் மட்டுமே.

1967 ஜூன் 5 ஐச் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். அன்று காலை இஸ்ரேலிய விமானங்கள் எகிப்தின் விமானத்தளங்களைத் தாக்க, ஆறு நாள் போர் தொடங்கியது. எருசலேமின் பழைய நகரம் கைமாறியது. பல இலட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். அரபு நாடுகளில் எஞ்சியிருந்த யூதரின் வாழ்வும் தாங்க முடியாததாயிற்று. மொறோக்கோவிலிருந்து பிரெஞ்சு பேசும் யூதர் பெருந்தொகையாக மொன்றியலுக்கு வந்த ஆண்டுகள் அவை. அந்தப் போரின் கணக்கு இன்னும் முடியவில்லை. காசாவின் பிள்ளைகளுக்காகவும் பணயமாகப் பிடிக்கப்பட்டவர்களுக்காகவும் நம் ஆலயத்தில் ஒரே மன்றாட்டில் செபித்தபோது, இரு பக்கமிருந்தும் எனக்குக் கடிதங்கள் வந்தன. ஓர் அரசு செய்வதற்காக, நம் அயலில் கடை நடத்தும் முதியவரை நாம் முறைத்துப் பார்க்கக் கூடாது என்பதே என் நிலை. இலங்கையில், வன்னியில் யாரோ செய்ததற்காகக் கொழும்பில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் நாம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லி விடுகிறேன். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் தவக்காலத்தில் உடக்குப் பாஸ் நடக்கும். அதில் யூதர் என்றால் கோரமான முகமும் முரட்டுக் குரலும்தான். இயேசுவும் மரியாளும் யூதர் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதருக்காகச் செபிக்கும் மன்றாட்டில் இருந்த கடுமையான இலத்தீன் சொல்லைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1959 இல் அகற்றினார். 1965 அக்டோபர் 28 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்காக எல்லா யூதரையும் பழிசுமத்தலாகாது என்று அறிவித்தது. திருச்சபை அந்த வார்த்தைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தது. நம் வீட்டுப் பேச்சிலோ, கஞ்சத்தனமானவனை "அவன் ஒரு யூதன்" என்பது இன்னும் போகவில்லை. போன மாதம்கூட ஒரு பிறந்தநாள் விருந்தில் கேட்டேன். சொன்னவர் நல்ல மனிதர். ஆனபடியால்தான் அன்று ஒன்றும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். அவர் இதை வாசிப்பார் என்று தெரியும்.

இன்றைய கியூபெக்கிலும் கேள்வி முடியவில்லை. 2019 ஜூன் மாதம் நிறைவேறிய சட்டத்தின்படி, புதிதாகப் பணியில் சேரும் அரச பாடசாலை ஆசிரியர் சமய அடையாளம் அணியலாகாது. ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் நம் பங்குப் பிள்ளை ஒருத்தி, முதல் நன்மையன்று பாட்டி போட்டுவிட்ட சிலுவைச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். அவளோடு படிக்கும் யூத இளைஞனுக்குத் தலைத் தொப்பி, முஸ்லிம் தோழிக்கு முக்காடு. மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்களாம். இந்த மாகாணம் குருக்களின் அதிகாரத்தால் நெடுங்காலம் காயப்பட்டது என்பதை நான் அறிவேன், அந்தக் காயத்தில் என் அங்கிக்கும் பங்குண்டு. எனினும் 1832 இன் சட்டசபை எடுத்து வைத்த அடியை 2019 இன் சட்டசபை பின்னோக்கி வைத்தது என்றே எண்ணுகிறேன். மாற்றுக் கருத்துடையோர் தாராளமாகக் கீழே எழுதுங்கள், பண்போடு.

மன்னார் அம்மாவின் வைபவம் அடுத்த வியாழக்கிழமை. நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். பைபிளைக் கொண்டுபோவதென்று தீர்மானித்துவிட்டாராம். தாயாருடையது, வன்னியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை கொண்டுசென்று, பின் முகாமிலும் வைத்திருந்தது. தண்ணீர் பட்டு சங்கீதங்கள் பகுதி ஒட்டிக்கிடக்கிறது. "பிரிக்கப் பார்த்தால் கிழிஞ்சு போகும் சுவாமி, அப்படியே கை வைக்கலாம்தானே?" என்று கேட்டார்.

அப்படியே கை வைக்கலாம், அம்மா. நானும் வருகிறேன்.